பூமியின் உள்ளமைப்பும் பாறைகள் பிறக்கும் விதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமியைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு அடியில் ஒரே தவறான படம் ஒளிந்திருக்கிறது: மேலே மெல்லிய ஓடு, கீழே கொதிக்கும் குழம்பு. அந்தப் படம் மனத்தில் இருக்கும்வரை பாறைகள் ஏன் இத்தனை விதமாக இருக்கின்றன என்பது பிடிபடாது. அதனால் முதலில் உள்ளமைப்பு, பிறகு பாறைகள், கடைசியில் கையில் உள்ள கல்லைச் சோதிக்கும் முறை என்ற வரிசையில் கேள்விகளை வைத்திருக்கிறோம்.

பூமிக்குள் எத்தனை அடுக்குகள்? ஒவ்வொன்றும் எவ்வளவு தடிமன்?

வேதிப் பொருளை வைத்துப் பிரித்தால் மூன்று: மேலோடு, கவசம், கருவம். மேலோடு கடலுக்கு அடியில் சராசரியாக 7 கி.மீ., கண்டங்களுக்கு அடியில் 30 முதல் 50 கி.மீ., இமயமலை, திபெத் பகுதியில் ஏறத்தாழ 70 கி.மீ. அதற்குக் கீழே 2,890 கி.மீ. ஆழம் வரை கவசம். பிறகு 5,150 கி.மீ. வரை திரவமான வெளிக்கருவம். நடுவே ஏறத்தாழ 1,220 கி.மீ. ஆரமுள்ள திடமான உட்கருவம். மையம் வரை மொத்தம் 6,371 கி.மீ.

இந்த எண்கள் மனத்தில் பதிய, பூமியின் ஆரத்தை ஒரு மீட்டராகச் சுருக்கிப் பாருங்கள். கடலடி மேலோடு ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், கண்ட மேலோடு ஆறு மில்லிமீட்டர். கவசம் 45 செ.மீ., வெளிக்கருவம் 35 செ.மீ., உட்கருவம் 19 செ.மீ. மேலோட்டை முட்டை ஓட்டுக்கு ஒப்பிடுவது வழக்கம். ஆனால் முட்டையின் அளவோடு பார்த்தால் அதன் ஓடு, பூமியின் மேலோட்டைவிடத் தடிமனானது. பூமியின் கன அளவில் 84 சதவீதம் கவசம். நாம் பார்க்கும் மலை, பள்ளத்தாக்கு, கடலடி எல்லாம் சேர்ந்தும் ஒரு சதவீதம் தேறாது.

யாரும் உள்ளே போய்ப் பார்த்ததில்லையே, இதெல்லாம் எப்படித் தெரியும்?

துளையிட்டுப் பார்த்தது மிகக் குறைவு. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-ல் தொடங்கி 1989-ல் 12,262 மீட்டரை எட்டிய துளைதான் செங்குத்து ஆழத்தில் இன்றும் முதலிடம். நமது ஒரு மீட்டர் பூமியில் அது இரண்டு மில்லிமீட்டர். அடியில் வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். இருந்ததோ 180 டிகிரி. அந்த வெப்பத்தில் பாறை இளகிக் கொடுத்துத் துளையை மூடத் தொடங்கியது, அதற்குமேல் ஆழமாகப் போக முடியவில்லை.

மற்றதையெல்லாம் சொன்னவை நில அதிர்வு அலைகள். இவற்றில் இரண்டு வகை முக்கியம். பி அலை அழுத்தித் தளர்த்திச் செல்வது. திடம், திரவம் இரண்டிலும் போகும். எஸ் அலை பக்கவாட்டில் அசைத்துச் செல்வது. திரவத்துக்கு வளைந்து மீளும் விறைப்பு இல்லாததால் அதில் எஸ் அலை போகாது. அலையின் வேகம் பொருளின் விறைப்பையும் அடர்த்தியையும் பொறுத்தது. வேகம் மாறும் இடத்தில் அலை ஒளியைப் போல வளையும், எதிரொலிக்கும்.

1909-ல் குரோவேசியாவில் நிகழ்ந்த ஒரு நில அதிர்வின் பதிவுகளில், தொலைவிலிருந்த நிலையங்களுக்கு பி அலை இரண்டு முறை வந்திருப்பதை ஆந்திரியா மொகொரோவிச்சிச் கண்டார். ஒன்று மேலோட்டின் வழியே மெதுவாக வந்தது. மற்றொன்று கீழே இறங்கி, விநாடிக்கு ஏறத்தாழ 8 கி.மீ. வேகமுள்ள கவசத்தின் வழியே சுற்றி வந்தும் முந்திக்கொண்டது. அந்த எல்லைக்கு இன்று மோஹோ என்று பெயர். அடுத்த தடயம் நிழல்: அதிர்வு நடந்த இடத்திலிருந்து (பூமியின் மையத்தில் அளக்கும் கோணத்தில்) 104 டிகிரிக்கு அப்பால் எஸ் அலை நேரடியாக வருவதே இல்லை. 104-க்கும் 140-க்கும் இடையே பி அலையும் மறைந்துவிடுகிறது. நடுவில் ஒரு திரவக் கோளம் வழிமறிக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் பொருந்தவில்லை. ஆனால் அந்த நிழலுக்குள்ளும் மெல்லிய பி அலைகள் சில பதிவாகி வந்தன. அவை திரவத்துக்குள் இருக்கும் ஒரு திடக் கோளத்தில் பட்டுத் திரும்புபவை என்று 1936-ல் காட்டியவர் டென்மார்க்கின் இங்கே லேமன்.

இன்னொரு சான்று எளிமையானது. நாம் கையில் எடுக்கும் பாறைகளின் அடர்த்தி, நீரை 1 என்று வைத்தால், 2.7 அளவில் இருக்கிறது. பூமியின் சராசரி அடர்த்தியோ 5.5. 1798-லேயே ஹென்றி கேவண்டிஷ் இதை ஏறத்தாழச் சரியாக அளந்துவிட்டார். ஆகவே உள்ளே பாறையைவிடக் கனமான ஒன்று பெருமளவில் இருந்தாக வேண்டும். விண்கற்களும் அலை வேகங்களும் காட்டுவது இரும்பையும் கொஞ்சம் நிக்கலையும்தான்.

மேலோட்டுக்குக் கீழே இருப்பது உருகிய குழம்புதானே?

இல்லை. கவசம் திடப்பாறை. எஸ் அலை அதன் வழியே தாராளமாகப் போகிறது, அது ஒன்றே போதும். பெரிடோடைட் என்னும் பச்சை கலந்த கனமான பாறை அது. ஒலிவினும் பைராக்சினும் அதன் முக்கியக் கனிமங்கள்.

குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு. அந்தத் திடப்பாறை ஓடவும் செய்கிறது. பனியாறு திடமான பனிக்கட்டிதான், ஆனாலும் ஆண்டுக்கணக்கில் மலையிலிருந்து வழிந்து இறங்குகிறது அல்லவா? கவசமும் அப்படியே, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். சம்மட்டியால் அடித்தால் உடையும் பொருளே, கோடி ஆண்டுகள் தொடர்ந்து அழுத்தினால் படிகத்துக்குள் அணுக்கள் இடம் மாறி மெல்ல வளைந்து கொடுக்கும். இது கண்ணுக்குத் தெரியும் இடம் பால்டிக் கடலின் வடகோடி. பனியூழியில் மேலே குவிந்திருந்த பனிப்பாளம் உருகிப்போய்ப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. பாரம் நீங்கிய நிலம் இன்றும் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் எழும்பிக்கொண்டிருக்கிறது. கீழே கவசப் பாறை மெதுவாகத் திரும்பி வந்து சேர்கிறது.

கவசம் திடம் என்றால் எரிமலைக் குழம்பு எங்கிருந்து வருகிறது?

இந்தப் பகுதியின் ஆணிவேரான கேள்வி இது. பாறையின் உருகுநிலை ஒரு நிலையான எண் அல்ல. அழுத்தம் கூடினால் உருகுநிலையும் கூடும். பெரிடோடைட் நிலப்பரப்பின் அழுத்தத்தில் ஏறத்தாழ 1,100 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். 100 கி.மீ. ஆழத்தில் அதற்கு 1,450 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்த ஆழத்தில் உண்மையில் இருக்கும் வெப்பம் 1,300 டிகிரியை ஒட்டியது. உருகும் விளிம்பில் நின்றும் உருகாமல் இருக்கிறது. அந்த விளிம்பைத் தாண்ட வழிகள் மூன்று.

முதல் வழி அழுத்தம் குறைவது. கடலடியில் நீளும் மலைத்தொடர்களான நடுக்கடல் முகடுகளில், பூமியின் மேற்புறம் பிரிந்திருக்கும் பெரிய பாறைத் தட்டுகள் விலகும்போது கவசப் பாறை மேலே எழுகிறது. எழும் பாறை சூட்டைப் பெரிதாக இழப்பதில்லை, ஆனால் அழுத்தம் வேகமாகக் குறைகிறது. யாரும் சூடேற்றாமலே உருகிவிடுகிறது. உலகில் உருவாகும் குழம்பில் பெரும்பங்கு இப்படித்தான் வருகிறது.

இரண்டாவது வழி நீர். கடலடித் தட்டு மற்றொரு தட்டின் கீழே அமிழும்போது தன் கனிமங்களில் பிணைந்த நீரையும் கொண்டுபோகிறது. ஏறத்தாழ 100 கி.மீ. ஆழத்தில் அந்த நீர் பிரிந்து மேலே உள்ள சூடான கவசத்தில் ஊடுருவுகிறது. நீர் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்புகளை அறுப்பதால் உருகுநிலை நூற்றுக்கணக்கான டிகிரி இறங்கிவிடுகிறது. ஜப்பானிலும் இந்தோனேசியாவிலும் ஆண்டீஸ் மலைத்தொடரிலும் எரிமலைகள் வரிசையாக நிற்பது இதனால்தான்.

மூன்றாவதுதான் எல்லோரும் முதலில் நினைக்கும் வழி: சூடேற்றுவது. 1,200 டிகிரிக் குழம்பு கண்ட மேலோட்டுக்குள் வந்து தேங்கினால், 700 டிகிரியிலேயே உருகக்கூடிய ஈரமான மேலோட்டுப் பாறையை அது உருக்கிவிடும்.

பாறை முழுவதும் உருகுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முகடுகளின் கீழே பெரும்பாலும் பத்து, இருபது சதவீதமே உருகுகிறது. எளிதில் உருகும் பகுதி முதலில் பிரிந்து போவதால், பிறக்கும் குழம்பு தாய்ப்பாறையைப் போல இருப்பதில்லை. பெரிடோடைட்டிலிருந்து பசால்ட் என்னும் கறுப்பு எரிமலைப் பாறை வருவது இப்படித்தான்.

தட்டு என்பதும் மேலோடு என்பதும் ஒன்றா?

அல்ல. மேலோடும் அதோடு ஒட்டிய கவசத்தின் குளிர்ந்த மேற்பகுதியும் சேர்ந்ததே தட்டு. அதற்குப் பாறைக்கோளம் என்று பெயர். பழைய கடலடியில் இது ஏறத்தாழ 100 கி.மீ. தடிமன், மேலோடு அதில் 7 கி.மீ. மட்டுமே. மேலோட்டைப் பிரிப்பது வேதிப்பொருள், தட்டைப் பிரிப்பது விறைப்பு.

உட்கருவம் 5,000 டிகிரிக்கு மேல் சூடு என்கிறார்கள். பிறகு ஏன் திடமாக இருக்கிறது?

அழுத்தம்தான் காரணம். மையத்தில் வளிமண்டல அழுத்தத்தைப் போல 36 லட்சம் மடங்கு. அங்கே இரும்பின் உருகுநிலை இருக்கும் வெப்பத்தையும் தாண்டிப் போய்விடுகிறது. வெளிக்கருவத்தில் அழுத்தம் சற்றுக் குறைவு, அதனால் திரவம். உட்கருவம் மெல்ல மெல்ல உறைந்து வளரும்போது வெளிப்படும் வெப்பமும், பின்தங்கும் லேசான தனிமங்களும் வெளிக்கருவத்தைக் கலக்குகின்றன. மின்சாரம் கடத்தும் அந்தத் திரவத்தின் சுழற்சியில் பிறப்பதுதான் பூமியின் காந்தப் புலம். அது அவ்வப்போது திசை மாறும். கடைசியாக முழுதும் புரண்டது ஏறத்தாழ 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். உறையும் பசால்ட்டில் உள்ள காந்தக் கனிமங்கள் அந்தந்தக் காலத்துத் திசையைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கடலடியில் முகட்டின் இருபுறமும் இந்தத் திசைகள் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒத்த பட்டைகளாக இருப்பதை 1963-ல் பிரிட்டிஷ் புவியியலாளர்கள் வைனும் மாத்யூசும் விளக்கினார்கள். கடலடி விரிகிறது என்பதற்கு அதைவிட அழகான சான்று வேறு கிடைக்கவில்லை.

இத்தனை கோடி ஆண்டுகளாகியும் பூமி ஏன் ஆறிப்போகவில்லை?

இன்று பூமியிலிருந்து வெளியேறும் வெப்பம் ஏறத்தாழ 47 லட்சம் கோடி வாட். அதில் பாதியளவு யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கத்தால் வருவது. மீதி, பூமி திரண்டபோது சேர்ந்து இன்னும் மிச்சமிருக்கும் வெப்பம்.

1862-ல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் கெல்வின் பிரபு, பூமி உருகிய நிலையிலிருந்து ஆறியதாக வைத்துக் கணக்கிட்டு அதன் வயதை 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுக்குள் என்றார். கதிரியக்கம் அப்போது தெரியாது, அதனால்தான் தவறு என்று பல நூல்களில் எழுதியிருக்கும். பெரிய தவறு அது அல்ல. பூமியின் உட்புறம் அசையாத திடம் என்று அவர் எடுத்துக்கொண்டதே பெரிய தவறு. உள்ளே பொருள் மெல்லப் புரண்டு வெப்பத்தை மேலே கொண்டுவந்தால் கணக்கே மாறிவிடும் என்று அவருடைய உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி 1895-ல் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னதே சரி.

கனிமத்துக்கும் பாறைக்கும் என்ன வேறுபாடு?

கனிமம் ஒரே வேதியமைப்பும் ஒழுங்கான படிக அடுக்கும் கொண்ட ஒரு பொருள். குவார்ட்ஸ், கால்சைட் போல. பாறை பெரும்பாலும் பல கனிமங்களின் சேர்க்கை. சுண்ணாம்புப் பாறை போல ஒரே கனிமத்தின் எண்ணற்ற மணிகள் சேர்ந்ததும் பாறைதான்.

குழம்பு உறைந்து பிறக்கும் தீப்பாறைகளில் சிலவற்றில் மணிகள் பெரிதாகவும் சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாமலும் இருப்பது ஏன்?

ஆறும் வேகம். மெதுவாக ஆறினால் அணுக்கள் ஏற்கனவே உள்ள படிகங்களைத் தேடிப்போய்ச் சேரும். படிகங்கள் சில, ஆனால் பெரியவை. விரைவாக ஆறினால் ஒரே நேரத்தில் எண்ணற்ற இடங்களில் படிகம் தொடங்கி ஒன்றுமே வளராது. நீரில் பாய்ந்தோ காற்றில் தெறித்தோ உடனே உறைந்தால் படிகத்துக்கு நேரமே இல்லை, கண்ணாடிதான் கிடைக்கும். சிலிக்கா மிகுந்து பாகுபோல் கெட்டியாக இருக்கும் குழம்பில் அணுக்கள் நகர்வதே கடினம், அதனால் சற்று மெதுவாக ஆறினாலும் கண்ணாடியாகிவிடும். அதுதான் அப்சிடியன்.

ஆறும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஒரு மீட்டர் தடிமனுள்ள குழம்புப் பாளம் சில நாள்களில், வாரங்களில் ஆறிவிடும். ஒரு கிலோமீட்டர் தடிமன் என்றால் பத்தாயிரக்கணக்கான ஆண்டுகள். கிரானைட்டில் ஃபெல்ட்ஸ்பார் என்னும் ரோஜா நிறக் கனிமம் விரல்நக அளவுக்கு வளர்ந்திருப்பதைப் பார்க்கும்போது, அதன் மேல் கிலோமீட்டர் கணக்கில் பாறை மூடியிருந்தது என்று பொருள். அந்தப் பாறையெல்லாம் அரித்துப் போன பிறகுதான் அது வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது.

பெரிய படிகங்கள் நுண்மணிகளுக்கு நடுவே பதிந்திருந்தால் அந்தக் குழம்புக்கு இரண்டு கட்டம்: ஆழத்தில் மெதுவாக ஆறத் தொடங்கி, பாதி வழியில் மேலே பீறிட்டு வந்து சட்டென உறைந்தது.

ஒரே குழம்பிலிருந்து வெவ்வேறு பாறைகள் வருமா?

வரும். கனிமங்கள் எல்லாம் ஒரே வெப்பநிலையில் உறைவதில்லை. நார்மன் போவன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வகத்தில் உருக்கி ஆற்றிக் கண்ட வரிசை இன்றும் பயன்படுகிறது: முதலில் ஒலிவின், பிறகு பைராக்சின், ஆம்ஃபிபோல், கறுப்பு மைக்கா. கூடவே கால்சியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார் படிப்படியாகச் சோடியம் மிகுந்ததாக மாறிவரும். கடைசியில் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார், வெள்ளை மைக்கா, குவார்ட்ஸ். முதலில் உறைந்த கனமான ஒலிவின் அடியில் தங்கிவிட்டால் மீதிக் குழம்பில் சிலிக்கா விகிதம் ஏறிக்கொண்டே போகும். பசால்ட்டில் 45 முதல் 52 சதவீதம் சிலிக்கா, கிரானைட்டில் 70 சதவீத அளவில். ஆனால் உலகின் கிரானைட் எல்லாம் இப்படிப் பிரிந்து வந்ததல்ல. மேலோட்டுப் பாறை உருகிப் பிறந்ததும் ஏராளம்.

மணல் எப்படிக் கல்லாகிறது? அழுத்தினாலே போதுமா?

போதாது. அழுத்தம் மணிகளை நெருக்கும், ஆனால் ஒட்டாது. புதிதாகப் படிந்த மணலில் 35 முதல் 40 சதவீதம் இடைவெளி. புதையும்போது அது குறைகிறது. மிச்ச இடைவெளியில் நிலத்தடி நீர் மெல்ல ஊர்ந்து, கரைந்த கால்சைட்டையோ சிலிக்காவையோ இரும்பு ஆக்சைடையோ மணிகளின் மேல் படிய வைக்கிறது. அந்தப் பசைதான் கல்லாக்குகிறது. சிலிக்காப் பசைக்கு ஏறத்தாழ 70, 80 டிகிரி வெப்பம் வேண்டும், அதாவது இரண்டு, மூன்று கிலோமீட்டர் புதைவு. கால்சைட் மேற்பரப்புக்கு அருகிலேயே படியும். அதனால்தான் பத்துக் கோடி ஆண்டுப் பழைய மணற்கல் கையில் உதிர்வதும், சில ஆயிரம் ஆண்டுக் கடற்கரை மணல் கெட்டிப்பட்டுக் கிடப்பதும் நடக்கிறது. வயதை வைத்து உறுதியை முடிவு செய்யக் கூடாது.

மணல் என்பதற்கு அளவும் உண்டு: 0.063 முதல் 2 மி.மீ. அதைவிட நுண்ணியது வண்டல், 0.004 மி.மீ.-க்குக் கீழே களிமண். மணியின் அளவு நீரின் வேகத்தைச் சொல்லும். கூழாங்கல் கிடந்தால் வேகமான ஆறோ அலையடிக்கும் கரையோ, மென்களி என்றால் அமைதியான நீர்.

சுண்ணாம்புப் பாறையும் உப்புப் பாறையும் மணலிலிருந்து வந்தவையா?

இல்லை, இவை நீரில் கரைந்திருந்தவை. சுண்ணாம்பின் பெரும்பகுதி உயிர்களின் வேலை: சிப்பி, பவளம், மைக்ரான் கணக்கிலான பாசிகளின் தகடுகள். இங்கிலாந்தின் டோவர் வெண்பாறைகளில் ஒரு சிட்டிகைத் தூளை நுண்ணோக்கியில் வைத்தால் அந்தத் தகடுகளே தெரியும். ஆழ்கடலில் நான்கைந்து கிலோமீட்டருக்குக் கீழே குளிரும் அழுத்தமும் கால்சைட்டைக் கரைத்துவிடும், ஆகவே அங்கே சுண்ணாம்பு சேராது.

உப்பு, நீர் ஆவியாகி மிஞ்சுவது. கடல்நீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம் படியும், பத்தில் ஒரு பங்காகும்போது சமையல் உப்பு, கடைசியில் பொட்டாசிய உப்புகள். ஆயிரம் மீட்டர் ஆழக் கடல் முழுதும் வற்றினாலும் 16 மீட்டர் உப்புதான் தேறும். மத்தியதரைக் கடலின் அடியில் கிலோமீட்டருக்கு மேல் உப்பு கிடக்கிறது. 59.6 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து 53.3 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை, அட்லாண்டிக்கோடு தொடர்பு குறைந்து, நீர் வந்து வந்து ஆவியானால் ஒழிய அவ்வளவு சேர வழியில்லை.

உருமாறிய பாறை உருகி மீண்டும் உறைந்ததா?

உருகினால் அது தீப்பாறை. உருமாற்றம் முழுக்கத் திட நிலையிலேயே நடக்கிறது. 200 முதல் 800 டிகிரி வரை வெப்பமும் அழுத்தமும் மாறும்போது பழைய கனிமங்கள் நிலைக்க முடியாமல், அணுக்கள் இடம் மாறிப் புதிய கனிமங்களாகின்றன. களிப்பாறையை எடுத்துக்கொண்டால், முதலில் தகடு தகடாகப் பிளக்கும் சிலேட், பிறகு பட்டுப்போல மினுங்கும் ஃபில்லைட், மைக்கா கண்ணுக்குத் தெரியும் சிஸ்ட், இறுதியில் வெளுப்பும் கறுப்புமாகப் பட்டை பிரிந்த நைஸ். வழியில் தோன்றும் கனிமங்கள் வெப்பமானிபோல உதவும். ஸ்காட்லாந்து மலைகளில் ஜார்ஜ் பாரோ 1893-ல் வரைந்த வரிசை இது: குளோரைட், பயோடைட், கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட், சில்லிமனைட்.

கூர்மையான வாசகர் இங்கே ஒன்று கேட்பார்: மேலே வரும்போது வெப்பம் குறைகிறதே, பாறை பழையபடி களிப்பாறையாகத் திரும்பாதா? சூடேறும்போதே நீர் வெளியேறிவிட்டது. திரும்பும் வினைகளுக்கு அந்த நீர் வேண்டும். குளிரும்போது அணுக்களின் நகர்வும் முடங்கிவிடுகிறது. வைரம் நமது விரலில் நிலைப்பதும் இதே காரணத்தால்தான். 150 கி.மீ.-க்கும் கீழே பிறந்த அது, கிம்பர்லைட் என்னும் ஆழத்து எரிமலைக் குழம்பில் வேகமாக மேலே வந்தது. சூட்டிலேயே மெதுவாக ஏறியிருந்தால் வழியிலேயே பென்சில் கரியாக மாறியிருக்கும்.

கையில் ஒரு கல் இருக்கிறது. என்ன பாறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் வேலை, அதை உடைத்துப் புதிய முகத்தைப் பார்ப்பது. வெளித்தோல் மழையிலும் வெயிலிலும் மாறிப்போனது. துருப்பிடித்த பசால்ட் பழுப்பாகவும், பாசி படிந்த சுண்ணாம்பு கறுப்பாகவும் இருக்கும். தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு படியைத் தாண்டிப் போவதால் வருபவை. உடைக்கும்போது கண்ணாடி அணியுங்கள், கல்லைத் துணியில் சுற்றி அடியுங்கள்.

அடுத்து 10 மடங்கு உருப்பெருக்கியை கண்ணுக்கு ஒட்டி வைத்து, கல்லை அதனருகே கொண்டுவாருங்கள். மணிகள் ஒன்றோடொன்று கோத்துப் பின்னியிருக்கின்றனவா, அல்லது உருண்டை மணிகளைப் பசை பிடித்திருக்கிறதா? கோத்திருந்தால் தீப்பாறையோ உருமாறிய பாறையோ. மணியும் பசையும் தனித்தனி என்றால் படிவுப் பாறை. கோத்த மணிகள் ஒரே திசையில் படுத்திருந்தால் உருமாற்றம், எல்லாத் திசையிலும் சிதறியிருந்தால் பெரும்பாலும் தீப்பாறை. கிரானைட்டையும் நைஸையும் பிரிப்பது இதுதான். இரண்டிலும் கனிமங்கள் ஏறத்தாழ ஒன்றே.

பிறகு கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில். விரல்நகம் 2.5, எஃகுக் கத்தியும் சன்னல் கண்ணாடியும் ஏறத்தாழ 5.5, குவார்ட்ஸ் 7. வெள்ளைக் கல்லைக் கத்தி கீறினால் சலவைக்கல்லாக இருக்கலாம். கல் கண்ணாடியைக் கீறினால் மணற்கல் உருமாறிய குவார்ட்சைட். கீறிய கோட்டை ஈர விரலால் துடைத்துப் பாருங்கள். அழிந்தால் அது கீறலே அல்ல, கத்தியின் உலோகம் கல்லில் தேய்ந்த தடம். உதிரும் மணற்கல்லில் இந்தச் சோதனை ஏமாற்றும்: கத்தி மணியைக் கீறுவதில்லை, பெயர்த்தெடுக்கிறது.

அமிலச் சோதனை எப்படிச் செய்வது?

9 பங்கு நீரில் 1 பங்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி நீர்க்கச் செய்தது போதும். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ஒரு சொட்டுப் போதும். சுண்ணாம்புப் பாறையும் சலவைக்கல்லும் உடனே நுரைக்கும். சுண்ணாம்பின் உறவான, மக்னீசியம் கலந்த டோலமைட் சும்மா இருக்கும், அதே இடத்தைக் கத்தியால் சுரண்டித் தூளாக்கி மறுபடி சொட்டினால் மெல்ல நுரைக்கும். கால்சைட் பசையுள்ள மணற்கல்லும் நுரைக்கும், பசால்ட்டின் விரிசலில் ஓடும் வெள்ளைக் கால்சைட் நரம்பும் நுரைக்கும். ஆகவே நுரை எங்கிருந்து வருகிறது என்று உருப்பெருக்கியில் பாருங்கள். வினிகர் வைத்தும் செய்யலாம், குமிழி மெதுவாக வரும், பொறுமை வேண்டும்.

கல்லின் அடர்த்தியை வீட்டிலேயே அளக்க முடியுமா?

சமையலறை மின்னணுத் தராசு போதும். கல்லை உலர்வாக எடை போடுங்கள், 540 கிராம் என்று வையுங்கள். பாதி நீருள்ள பாத்திரத்தைத் தராசில் வைத்துச் சுழியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, நீரில் முழுதும் மூழ்கும்படி, அடியிலும் சுவரிலும் படாமல் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டுவது, விலகிய நீரின் எடை, அதாவது கல்லின் கன அளவு. 200 காட்டினால் அடர்த்தி 540 ÷ 200 = 2.7. கிரானைட்டுக்கு 2.6–2.7, பசால்ட்டுக்கு 2.8–3.0, பெரிடோடைட்டுக்கு 3.3 அளவில் வரும்.

கல் அடியில் பட்டால் எண் தாறுமாறாக ஏறும். ஒட்டிய காற்றுக் குமிழிகள் அடர்த்தியைக் குறைத்துக் காட்டும், தூரிகையால் தட்டி விடுங்கள். ஒரு கிராம் துல்லியமுள்ள தராசில் 200 கிராமுக்குக் குறைந்த கல்லை அளந்தால் பிழை பெரிதாகும்.

பாறையின் வயதை எப்படிச் சொல்கிறார்கள்? கார்பன் முறையா?

கார்பன்-14 முறை 50,000 ஆண்டு வரைதான், அதுவும் உயிர்ப்பொருளுக்கு. பாறைக்குப் பயன்படுவது யுரேனியம்–ஈயம். சிர்கான் என்னும் கனிமம் படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைத் தள்ளிவிடும். ஆகவே இன்று அதனுள் இருக்கும் ஈயம் பெரும்பாலும் சிதைவால் வந்தது. யுரேனியம்-238-ன் அரைவாழ்வு 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235-க்கு 70 கோடி. ஒரே மணியில் இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம், ஒவ்வாவிட்டால் ஈயம் கசிந்திருக்கிறது. கனடாவின் அகாஸ்டா நைஸ் ஏறத்தாழ 403 கோடி ஆண்டு. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சிர்கான் மணிகளில் மூத்தது 440 கோடி. அந்த மணி கிடந்த பாறையோ அதைவிடப் பல கோடி ஆண்டு இளையது. படிவுப் பாறையில் மணியின் வயது வேறு, படிந்த வயது வேறு.

கனமான, கறுப்பான, காந்தம் ஒட்டும் கல் கிடைத்திருக்கிறது. விண்கல்லா?

பெரும்பாலும் இல்லை. மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமமும் காந்தத்தில் ஒட்டும், உலைக் கசடும் ஒட்டும். மெருகிடாத வெள்ளைப் பீங்கான் ஓட்டில் தேயுங்கள்: கறுப்புக் கோடு மேக்னடைட், செந்நிறக் கோடு ஹெமடைட் என்னும் மற்றோர் இரும்புக் கனிமம். உடைந்த முகத்தில் குமிழித் துளைகள் நிறைய இருந்தால் கசடு அல்லது எரிமலைக்கல்; விண்கல்லில் அப்படித் துளைகள் இருப்பது மிக அரிது. இந்த மூன்றையும் தாண்டி நின்றால், ஓர் ஓரத்தை அரத்தால் தேய்த்து உருப்பெருக்கியில் பாருங்கள். சாம்பல் நிறப் பாறைக்குள் வெள்ளிபோல் மினுங்கும் உலோகப் புள்ளிகள் சிதறித் தெரிந்தால், மேற்கொண்டு தேய்ப்பதை நிறுத்திவிட்டு ஒரு புவியியல் துறைக்கு எடுத்துச் செல்லுங்கள்.